ஏர்கான் மேடையில் புறாக்கூடு: எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். சமையலறைச் சன்னலுக்கு வெளியே, ஏர்கான் மேடையில் புறாக்கள் கூடு கட்டியுள்ளன. எச்சம் காய்ந்து கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட அம்மா எங்களோடு இருக்கிறார். பணிப்பெண்ணை விட்டுக் கூட்டச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். புறா சன்னலோரம் வந்து அமர்வதால் மட்டும் யாருக்கும் நோய் வந்துவிடாது. காய்ந்த எச்சம் பொடியாகி மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. விளக்குமாறு அந்தப் பொடியைத்தான் கிளப்பிவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அம்மாவின் நிலை. நாள்பட்ட புறா எச்சத்தில், அதிலும் வெயில் படாத இடத்தில், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நன்றாக வளரும். உடல்நலத்தோடு இருப்பவர்கள் அதைச் சுவாசித்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்காக அம்மா சாப்பிடும் மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை. அவரைப் போன்றவர்களுக்கு இந்தப் பூஞ்சை நுரையீரலிலிருந்து மூளையுறை வரை பரவக்கூடும். அது திடீரென்று வராது. விடாத தலைவலி, காய்ச்சல், மனக்குழப்பம் என்று மெல்லத் தலைகாட்டும். அப்படி எது தெரிந்தாலும் பனடோல் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல், சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீட்டருகே புறாக்கூடு இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்தத் தகவல் இருந்தால் மருத்துவர் எந்தப் பரிசோதனை தேவை என்று விரைவில் முடிவெடுப்பார்.

எச்சத்தூளால் சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நுரையீரல் தொற்றும் அரிதாக வரலாம். அதற்கு நல்ல மருந்து உண்டு. பறவைக் காய்ச்சலை நினைத்து அஞ்சுகிறவர்களுக்கு: அது புறாக்களை எளிதில் பற்றுவதில்லை.

சுத்தம் செய்யும் நாளில் அம்மா உறவினர் வீட்டில் இருக்கட்டும். செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, எச்சம் முழுதும் ஊறும்படி மெதுவாக ஊற்றி, ஈரம் காயுமுன் வழித்தெடுத்து, இரண்டு பைகளில் கட்டிப் போட வேண்டும். பிளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்கக்கூடாது.

இந்த வேலையைப் பணிப்பெண்ணிடம் தராதீர்கள். மேடையை எட்டச் சன்னலுக்கு வெளியே சாய வேண்டியிருக்கும். வெளிப்புறச் சன்னலைத் துடைப்பதற்கே கம்பிக்கதவு பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ அவர் சார்பில் ஒரு பெரியவரோ உடனிருந்து கவனிக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்திருக்கிறது. ஒருவர் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு எச்சம் அவசரமில்லை. ஏர்கான் பழுதுபார்ப்பவரையோ துப்புரவு நிறுவனத்தையோ அழையுங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், தொடுவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேளுங்கள். கூடு போனதும் வலை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் அதே ஜோடி திரும்ப வரும்.

இரை கிடைக்கும் வரை புறாக்கள் ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும். காக்கைக்குச் சோறு வைப்பது நம் வீடுகளின் வழக்கம்தான். புண்ணியம் என்று கீழ்த்தளத்தில் அரிசி தூவும் பெரியவர்களும் உண்டு. அந்த நல்ல மனத்தை மதிக்கிறேன். ஆனால் வனவிலங்குச் சட்டப்படி இங்கே இது குற்றம்: முதல் முறை 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம். உங்கள் புளோக்கில் யாராவது இரை போட்டால், அம்மாவின் நிலையைச் சொல்லிப் பணிவாகப் பேசிப் பாருங்கள். கேட்காவிட்டால் அக்கம்பக்கப் பிரச்சினைகளைத் தெரிவிப்பதற்கான அரசின் ஒன்சர்வீஸ் செயலியில் புகார் செய்யலாம்.