வாட்டர்லூ போரை மேசையில் ஆடத் தட்டை உருவங்கள் போதுமா, வண்ணம் தீட்டிய மினியேச்சர்கள்தாம் வேண்டுமா?

நீங்கள் ஒரு பெட்டி பிளாஸ்டிக் காலாட்படை வாங்கி, இரண்டு மாதங்களில் எட்டு வீரர்களுக்கு மட்டுமே வண்ணம் தீட்டி முடித்திருக்கிறீர்கள். அச்சிட்ட காகித உருவங்களையோ அக்ரிலிக் தகட்டு உருவங்களையோ வைத்து ஆடினால் அது உண்மையான போர் விளையாட்டு ஆகாது என்று நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வகையிலும் பல ஆண்டுகள் ஆடியவன் என்ற முறையில் என் பதில் இது: உங்கள் விருப்பம் வாட்டர்லூ போன்ற பெரும் போர் என்றால் தயங்காமல் தட்டை உருவங்களுக்கு மாறிவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1815 ஜூன் 18 அன்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் ஏறத்தாழ 68,000 பேரும் நெப்போலியனிடம் ஏறத்தாழ 73,000 பேரும் இருந்தனர். மாலையில் வெலிங்டனுக்குத் துணையாக வந்து சேர்ந்த பிரஷ்யர்களை இதில் சேர்க்கவில்லை. 50 பேருக்கு ஓர் உருவம் என்று மிகவும் சிக்கனமாக வைத்தாலும் 2,800 உருவங்கள் தேவைப்படும். 28 மில்லிமீட்டர் வீரன் ஒருவனை ஒட்டி, பிரைமர் அடித்து, சட்டை, குறுக்குப் பட்டை, தொப்பி, துப்பாக்கி என்று தனித்தனியாக வண்ணமிட்டு, மடிப்புகளில் நிழல் விழ நீர்த்த வண்ணம் (வாஷ்) கொடுத்து, காய்ந்த பின் வார்னிஷ் பூசி முடிக்க எனக்கு இரண்டு மணி நேரமாவது ஆகிறது. நாள் தவறாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஏழரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி இதைவிடப் பெரிய வேலையில் இறங்கினார். 1830இல் தொடங்கி, போர்க்களத்திலிருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதங்கள் தங்கிக் களத்தை அளந்து, 70,000க்கும் மேற்பட்ட சிறிய ஈய வீரர்களை நிறுத்திய மாதிரியை அவர் 1838இல் இலண்டனில் காட்சிக்கு வைத்தார். இன்று அது அங்குள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மாதிரி அவரைக் கடனில் தள்ளிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

தட்டை உருவம் என்றால் காசில்லாதவர்களின் மாற்றுப் பொருள் என்ற எண்ணம் எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் இந்தப் பொழுதுபோக்கின் மூத்த மரபே அதுதான். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஹில்பெர்ட் குடும்பத்தினர் வெள்ளீயத் தட்டை வீரர்களை வார்த்தார்கள். அதே நகரில் 1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன், பலகைக்கல்லில் செதுக்கிய அச்சுகளில் வார்த்து, 1848இல் காலாட்படை வீரனின் உயரத்தை 28 மில்லிமீட்டர் என்று வரையறுத்தார். (இன்றைய பெட்டிகளில் காணும் 28 மில்லிமீட்டர் இதன் வாரிசு அன்று; 25 மில்லிமீட்டர் உருவங்கள் காலப்போக்கில் சிறிது சிறிதாகப் பருத்ததால் வந்தது.) ஸ்ட்ராஸ்பூர் நகர அச்சகங்கள் தாள் தாளாகக் காகித வீரர்களை வெளியிட்டன, அந்நகர வரலாற்று அருங்காட்சியகம் அவற்றை இன்றும் பாதுகாக்கிறது. 1824இல் பிரஷ்ய அதிகாரிகளின் பயிற்சிக்காக, தந்தை வகுத்த ஆட்டத்திலிருந்து ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி செப்பனிட்ட போர் விளையாட்டில் வீரர் உருவமே கிடையாது. சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளே படைகளாக நின்றன. வார்கேம் (போர் விளையாட்டு) என்ற ஆங்கிலச் சொல்லே ‘கிரீக்ஸ்பீல்’ என்ற ஜெர்மன் சொல்லின் மொழிபெயர்ப்புதான் என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

முழு உருவ வீரர்கள் விளையாட்டு மேசைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்த பிறகு இங்கிலாந்தில் 54 மில்லிமீட்டர் வீரர்கள் மலிவாகக் கிடைத்தார்கள். 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் வகுத்த விதிகளில், வில்சுருள் பீரங்கியால் சிறு மரக்குச்சியைச் சுட்டு அவர்களை உண்மையிலேயே சாய்க்க வேண்டும். அடிபட்டு விழ ஓர் உடல் தேவைப்பட்டது. இன்று நாம் பகடை உருட்டுகிறோம். பெரும் போர்களுக்கான விதிகள் அளப்பது வீரனையன்று, அவன் நிற்கும் அடித்தட்டின் அகலத்தைத்தான்.

இனி உருவத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். பீட்டர் டென்னிஸ் என்ற ஓவியர் வரைந்த உருவங்கள் காகிதத் தாள்களாகவும், அச்சிட்ட அக்ரிலிக் தகடுகளாகவும் கிடைக்கின்றன. சிவப்புச் சட்டையின் முழங்கை மடிப்பில் விழும் நிழலைக்கூட அவர் வரைந்திருக்கிறார். என் தூரிகையால் இன்றுவரை அது முடிந்ததில்லை. மேசைக்கு அப்பால் நின்று பார்த்தால் நானூறு பேர் கொண்ட ஓர் அணிவரிசை அச்சம் தரும் அளவுக்கு உயிரோடு தெரிகிறது. காகிதத்தை வெட்டும்போது துப்பாக்கிக் கத்தி ஒவ்வொன்றையும் சுற்றி வெட்ட முயலாதீர்கள். இடைவெளியை அப்படியே விட்டு வரிசையாக வெட்டினால் போதும். வெட்டிய விளிம்பு வெள்ளையாகப் பளிச்சிடும், அதுவே காகிதம் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது. அடர்பழுப்பு ஸ்கெட்ச் பேனாவை விளிம்பு முழுவதும் ஒருமுறை ஓட்டினால் அந்தக் குறை மறைந்துவிடும். மழைக்காலத்தில் தாள் நெளியும் என்பதால் அடித்தட்டுக்குக் கனமான அட்டை வேண்டும். அக்ரிலிக் நெளியாது, ஆனால் விளக்கொளி அதில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும்.

வேறொரு குறைக்கு முழுத் தீர்வே கிடையாது. தட்டை உருவத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும். வாட்டர்லூவில் பிரெஞ்சுக் குதிரைப்படையைத் தடுத்து நின்றவை, நான்கு பக்கமும் வெளிநோக்கி வீரர்கள் நின்ற சதுர அணிகள். அப்படியொரு சதுரத்தை அமைத்தால், நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இரண்டு முகங்கள் மறைந்துவிடும். உருவங்களைச் சற்றுச் சாய்கோணத்தில் ஒட்டி ஓரளவு சமாளித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பத்து இருபது பேர் மட்டும் மோதும் சிறு சண்டைகள் என்றால் என் தீர்ப்பு தலைகீழாக மாறும். அங்கே ஒவ்வொருவனும் தனி ஆள். சுவருக்குப் பின்னால் நிற்பவன் கண்ணுக்குத் தெரிகிறானா என்று குனிந்து பார்த்து முடிவு செய்யும் விதிகளில், திருப்பி வைத்ததும் மறைந்துபோகும் உருவம் நியாயமாக ஆட உதவாது. வார்ஹாம்மர் 40,000 போன்ற ஆட்டத்தில் வண்ணம் தீட்டிய படைக்கு 100இல் 10 புள்ளிகள் தரும் விதியும் வந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, தீட்டுவது ஒரு கல்வி. பிரிட்டிஷாரின் 95ஆவது ரைபிள் படையின் அடர்பச்சைச் சட்டைக்கும் கறுப்புப் பட்டைக்கும் வண்ணம் குழைத்த இரவில்தான், மற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பட்டை அணிந்து வரிசையில் நிற்க, இவர்கள் புதரோரம் பதுங்கிப் போரிட வந்தவர்கள் என்பது எனக்கு உறைத்தது. அச்சிட்ட தாளை வெட்டியபோது அந்த எண்ணம் வந்ததில்லை.

ஆகவே நீங்கள் தீட்டி முடித்த அந்த எட்டு வீரர்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே படைப்பிரிவுக்குள் இரண்டு வகையையும் கலந்தால் இரண்டுமே பார்க்க நன்றாக இராது. என் மேசையில் அணிவகுத்து நிற்பவர்கள் அனைவரும் காகிதம். வெலிங்டன், பிக்டன், நே போன்ற தளபதிகளும் அவர்களுடைய துணை அதிகாரிகளும் மட்டும் குதிரை மீதமர்ந்த, வண்ணம் தீட்டிய முழு உருவங்கள். கட்டளை பிறக்கும் இடம் எது என்று எந்தப் பக்கத்திலிருந்தும் உடனே தெரிகிறது; ஒரு தளபதிக்கு மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவிடவும் மனம் இடம் தருகிறது. உங்கள் எட்டுப் பேரையும் முன்னே பரவி நிற்கும் தனிச் சுடுவீரர்களாக நிறுத்துங்கள். அவர்கள் அன்றும் வரிசையிலிருந்து விலகி, தனித்தனியாகத்தான் நின்றார்கள்.