மறுமொழி: குன்னூர் வீட்டு வடக்கு அறைக்கு என்ன நிறம்?

வணக்கம் சகோதரி. நீலம் மனதை அமைதியாக்கும் என்று படித்து, வடக்குப் பார்த்த அறைக்கு வெளிர்நீலம் அடித்தீர்கள். இப்போது அம்மா "உள்ளே வந்தாலே குளிருது" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான்.

நீலத்தின் குளுமை மதுரை வெயிலுக்கு வரம். 1,850 மீட்டர் உயரத்தில் அதுவே தொல்லை. வடக்கு ஜன்னலில் வருடத்தில் பெரும்பகுதி நேர்வெயில் விழாது, வானத்தின் நீல வெளிச்சம்தான் வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். ஆனால் அதில் பாதிக்கு மேல் மழை மாதம், மேகம் மறைத்துவிடும். நீலச் சுவரில் அந்த மங்கல் வெளிச்சம் பட்டால் அறை சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். பல்பு அட்டையில் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் போட்டிருப்பார்கள். 6500 கெல்வின் என்ற நீலம் கலந்த வெள்ளை இருந்தால், 2700 என்ற இளமஞ்சள் வெளிச்சம் போடுங்கள். அதற்கே பாதி வித்தியாசம் தெரியும்.

அப்புறம் பெயின்ட். வெண்ணெய் நிறம் அல்லது வெளிர்சந்தனம் என் தேர்வு. கோத்தகிரியில் எங்கள் முன்னறைக்கு அடர்மஞ்சள் அடித்து, ஒரே மாதத்தில் கண் கூசி மாற்றினோம். அதனால் ஒரு அட்டையில் அடித்து, மூடுபனி நாளிலும் இரவிலும் அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறையில் இருக்கப்போவது அவர்தானே.

ஈரச் சுவரில் எந்த நிறமும் நிற்காது. பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் பிப்ரவரி வரை பொறுங்கள்.