வேளாண் கேள்வி – பதில்: காற்றைத் தணிக்கும் மர வரிசை

கேள்வி: ஆனி, ஆடிக் காற்றில் குலை தள்ளிய வாழை ஆண்டுதோறும் சாய்ந்துவிடுகிறது. தோட்டத்தின் மேற்கு எல்லையில் எட்டடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பலாமா, சவுக்கு நடலாமா? சவுக்கு நட்டால் வாழைக்குப் பாய்ச்சும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும் என்கிறார்களே? (வாழை விவசாயி, கம்பம் வட்டாரம்)

பதில்: சுவர் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் பாயும் வழிகளில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் ஒன்று. அவ்வளவு வேகத்தில் வரும் காற்று கெட்டியான சுவரில் மோதி நின்றுவிடுவதில்லை. மேலேறி, சுவரைத் தாண்டியதும் சுருண்டு கீழே இறங்குகிறது. அந்தச் சுழல் இறங்கும் இடத்தில் நிற்கும் வாழைக்குச் சுவரால் நன்மையைவிடத் தீமையே அதிகம். பாதிக் காற்றை ஊடே விட்டு, அதன் வேகத்தை மட்டும் உடைக்கும் மர வரிசையே உங்களுக்குத் தேவை. சற்று விலகி நின்று பார்க்கும்போது வரிசையின் பரப்பில் ஏறத்தாழப் பாதியளவு வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அடர்த்தி சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்பு கிடைக்கும்; அதற்கு மேல் இருபது மடங்கு வரை பயன் படிப்படியாகக் குறையும். முப்பதடிச் சவுக்கு முந்நூறு அடி வரை வாழையைக் காக்கும் என்றால், எட்டடிச் சுவர் எண்பது அடியைத் தாண்டாது என்பதையும் செலவைக் கணக்கிடும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சவுக்கை ஒரே வரிசையாக நடாமல், நான்கைந்து அடி இடைவெளியில், முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசைக் கன்று வருமாறு இரண்டு வரிசையாக நடுங்கள். வயது ஏற ஏறச் சவுக்கின் அடிக்கிளைகள் காய்ந்து உதிரும்; அப்போது காற்று கீழே புகுந்து முன்னைவிட வேகமாக வரும். ஆகவே காற்று வரும் பக்கத்தில் நொச்சியோ கிளாவோ ஒரு வரிசை அவசியம். சவுக்கு உயரும் வரை காத்திருக்க முடியாது என்பதால், முதல் ஆண்டில் உட்புறம் அகத்தியை நெருக்கமாக விதைத்துக்கொள்ளலாம். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு அதன் வளர்ச்சி வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. வரிசையின் நடுவே வண்டிப் பாதைக்கென நேரான இடைவெளி விட்டால் அதன் வழியே காற்று குவிந்து பாயும். பாதையைச் சாய்வாகத் திருப்பி விடுங்கள். இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே வரும் என்பதால், இடமிருந்தால் வரிசையைத் தோட்டத்தின் அளவுக்குமேல் சிறிது நீட்டுவது நல்லது.

தண்ணீர் பற்றிய அச்சம் பொய்யல்ல. மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரம் வரை வேர்ப்போட்டியும் நிழலும் விளைச்சலைக் குறைக்கவே செய்யும். மரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, வாழைப் பக்கம் மட்டும் இரண்டு மூன்றடி ஆழத்தில் குறுகிய வாய்க்கால் வெட்டி, இரண்டாண்டுக்கு ஒருமுறை அதில் நீளும் வேர்களை அறுத்துவிடுங்கள். அதற்கும் நெருங்கி வெட்டினால் மரத்தின் பிடிமானமே போய்விடும். மலையின் மழை மறைவுப் பக்கத்தில் வீசும் வறண்ட காற்று வாழை இலையை நார்நாராகக் கிழிப்பதோடு ஈரத்தையும் உறிஞ்சுகிறது. அது தணிவதால் மிச்சமாகும் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றுத்தடுப்புக்கென்றே தேர்ந்தெடுத்த சவுக்கு ரகங்களைக் கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. நாற்று வாங்குமுன் அங்கே விசாரியுங்கள்.

கேள்வி: கஜா புயலில் எங்கள் தென்னைகள் விழுந்தன, ஓட்டு வீடும் சேதமானது. வீட்டைச் சுற்றி மரம் வைக்கலாமா, வைக்கவே கூடாதா? (வாசகி, பேராவூரணி)

பதில்: வைக்கலாம், ஆனால் கம்பத்து விவசாயிக்குச் சொன்ன ஒரு பக்க வரிசை உங்களுக்குப் போதாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தது போல ஒரு புயல் கிழக்கிலிருந்து மேற்காக நகரும்போது, அதன் கண் உங்கள் ஊர் வழியே சென்றால், முதலில் வடக்கிலிருந்து வீசும் காற்று, சிறிது அமைதிக்குப் பின் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். ஆகவே வடபுறம், தென்புறம் இரண்டிலும் வரிசை வேண்டும். எந்த மர வரிசையும் புயலை நிறுத்திவிடாது. வேகத்தைக் குறைப்பதும், பறந்து வரும் தகரத்தையும் கிளைகளையும் தாங்கிக்கொள்வதுமே அதனால் ஆகக்கூடியவை.

வளர்ந்தபின் எட்டக்கூடிய முழு உயரத்துக்குச் சமமான தூரம் வீட்டுக்கும் மரத்துக்கும் இடையே இருக்கட்டும். புன்னை, புங்கன், பூவரசு ஆகியவை கடலோரத்துக்கு ஏற்றவை. முருங்கையும் செம்மயிற்கொன்றையும் எளிதில் முறிபவை. அவை கூரைக்கு அருகே கூடாது. நாற்றுப் பண்ணையில் நெடுநாள் கிடந்த கன்றை வாங்காதீர்கள். பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் அடியில் வளையம் வளையமாகச் சுருண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் பக்கவேர் ஓடாமல், பார்வைக்குத் திடமாக வளர்ந்த மரம் பத்தாண்டு கழித்து வேரோடு சாயும். சுருண்ட வேரை நறுக்கிவிட்டு நடுங்கள். புயல் காலத்துக்கு முன், புரட்டாசிக்குள், காய்ந்த, நெருக்கமான கிளைகளைக் கழித்துவிடுங்கள்; உச்சியை மொட்டையாக வெட்டினால் வெட்டிய இடத்தில் பலவீனமான கிளைகளே கொத்தாகத் துளிர்க்கும்.

கேள்வி: தாத்தா காலத்துக் கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடச் சொல்கிறார் மகன். உங்கள் கருத்து? (கால்நடை வளர்ப்பவர், தாராபுரம்)

பதில்: ஆடுமாடு தாண்டாமலிருக்கக் கம்பிவேலி போதும், காற்றைத் தணிக்க அது உதவாது. காங்கயம் பகுதியின் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை நிற்பது கால்நடையை அடைப்பதற்கு மட்டுமன்று. தரையை ஒட்டி வீசும் காற்றை அது உடைப்பதால் மேல்மண்ணும் புல்லின் ஈரமும் காக்கப்படுகின்றன. வேலி பொத்தலாகியிருப்பதுதான் மகனுடைய குறை என்றால், மழைக்கு முன்பாகக் கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத கிளுவைப் போத்துகளை (நடுவதற்கான கிளைத் துண்டுகளை) வெட்டி, இடைவெளிகளில் நெருக்கமாக நட்டு, பக்கத்துச் செடியின் கிளைகளை வளைத்து அவற்றோடு கட்டிவிடுங்கள். அவை வேர்பிடித்துத் தழைக்கும் வரை பொத்தல்களில் மட்டும் கம்பி கட்டிக்கொள்ளலாம்.