ஒசாகா பாட்டியின் பேச்சு

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு மார்த்தாண்டம் பக்கம். எஸ்.எஸ்.டபிள்யூ. என்ற திறன் தொழிலாளர் விசாவில் ஜப்பான் வந்து, ஒசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலையை பாஸ் செய்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் இங்குள்ள பாட்டிகள் பேசுவது பாடப்புத்தகத்தில் இல்லாத ஜப்பானியம். மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து போனை நீட்டினால் ஒரு பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஷிப்ட் மாறும்போது கூட வேலை செய்பவர்கள் கடகடவென்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். புரிந்த மாதிரி தலையாட்டுகிறேன். ஜூலையில் அதற்கு அடுத்த நிலையான என்3 எழுதினால் சரியாகுமா?

தங்கை, ஒசாகா

அன்புள்ள தங்கைக்கு,

என்3 இதற்கு மருந்து இல்லை. அந்தத் தேர்வில் எந்த நிலையிலும் வாய் திறக்க வேண்டியதில்லை. வாசித்து, கேட்டு, விடையைக் குறித்தால் போதும். அதை பாஸ் செய்தும் பேச்சு பிடிபடாதது உங்கள் குறை அல்ல.

பாட்டியையும் சக ஊழியர்களையும் ஒரே கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் பாட்டி உங்களுக்காகப் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டார், மாற்றவும் வேண்டாம். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் விளவங்கோட்டுப் பாட்டி, மதுரையிலிருந்து வந்த நர்சுக்காக வானொலித் தமிழா பேசுவார்? நர்சுதான் காது கொடுக்க வேண்டும். மலையாளம் கலந்த பேச்சைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு அது பெரிய வித்தை இல்லை. முகம் துடைக்கும்போதும் கஞ்சி ஊட்டும்போதும் போன் பையிலேயே கிடக்கட்டும். செய்யப்போவதைச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். பாட்டி சொல்லும் பதிலை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். தப்பாக வந்தால் திருத்துவார். திருத்துவதில் பாட்டிகளுக்கு எந்த நாட்டிலும் அலுப்பு கிடையாது. ஆனால் வலி, மாத்திரை, கீழே விழுந்தது என்று ஏதாவது காதில் விழுந்தால் ஊகம் கூடாது. உடனே இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

சக ஊழியர்கள் மாறலாம், மாறத்தான் வேண்டும். 1995 ஜனவரியில் உங்கள் பக்கத்து கோபேயில் பூகம்பம் வந்தபோது, அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் பலர் திண்டாடினார்கள். அதற்குப் பிறகுதான் 'யசாஷீ நிஹோங்கோ' என்ற எளிய ஜப்பானிய முறை உருவானது. சின்ன வாக்கியம், தெரிந்த சொல், கான்ஜி என்னும் சீன எழுத்துக்கு மேலே ஹிராகானா என்னும் ஒலியெழுத்தில் உச்சரிப்பு, அவ்வளவுதான். இன்று அரசு அலுவலகங்களே அதில் அறிவிப்பு போடுகின்றன. அந்தப் பெயரையே சொல்லி உங்கள் லீடரிடம் கேளுங்கள்: ஷிப்ட் மாறும்போது இப்படிப் பேசுங்கள், முக்கியமானதை எழுதியும் கொடுங்கள் என்று. சலுகை கேட்கிறோமே என்ற கூச்சம் வேண்டாம். (நம்மூர்க்காரர்களுக்கு அந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம்.) நீங்கள் புரியாமல் தலையாட்டினால் அடிபடப்போவது பாட்டிதான்.

அப்புறம், என்3 எழுதத்தான் வேண்டும், வேறு காரணத்துக்காக. உங்கள் விசாவில் பொதுவாக ஐந்து வருடம்தான் தங்க முடியும். மூன்று வருட வேலை அனுபவமும் அதற்கான பயிற்சியும் முடித்து, பராமரிப்பாளர் தேசியத் தேர்வில் தேறினால் பராமரிப்பு விசாவுக்கு மாறலாம், குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம். அந்தத் தேர்வில் கான்ஜி நிறைய வரும், அதற்கு என்3 படிப்பு கைகொடுக்கும். ஜூலைக்கு அவசரப்படாமல் டிசம்பர் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.