ஆபீஸ் கம்ப்யூட்டரில் கட்சிப் பதிவு பகிர்ந்தால் அரசு வேலைக்கு ஆபத்தா?

கோபி பக்கம் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராக இருக்கும் தம்பி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஃபேஸ்புக் திறந்து கட்சிப் பதிவுகளைப் பகிர்கிறான், சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ரயில் டிக்கெட் போட்டான், கரண்ட் பில் கட்டினான் என்றால் பெரும்பாலும் ஒரு திட்டோடு போய்விடும். கட்சி விஷயம் அப்படியில்லைங்க. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது, தேர்தலில் ஓட்டுக் கேட்கவும் கூடாது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக் கூடாது. மத்திய அரசு ஊழியருக்கான 1964 விதிகளில், வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தை வைத்தாலே தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கணக்கு. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சின்னம் வைப்பது மட்டும் எப்படித் தப்பும்? பூத் ஏஜென்டாக உட்கார்ந்தாலோ, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ-வின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

மறுபக்கமும் உண்டு. கூட்டத்துக்குப் போய் நின்றதும், ஃபேஸ்புக்கில் கருத்து எழுதியதும் மட்டுமே அரசியலில் ஈடுபட்டதாகிவிடாது என்று 2020-இல் திரிபுரா உயர் நீதிமன்றம் ஒரு ஊழியர் பக்கம் நின்றது. ஆனால் அது வேறு மாநிலம். தீர்ப்பு வரும்வரை அலைந்தது அந்த ஊழியர்தான்.

தம்பிக்கு நான் சொல்வது: பழைய பகிர்வுகளை இன்றே எடுத்துவிடட்டும். புரொஃபைலில் பதவிப் பெயர், ஆபீஸ் வாசலில் எடுத்த போட்டோ இருந்தால் அதையும்தான். புகார் கொடுப்பவர் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது அதைத்தான்.