வருமானமும் கல்வியும் சமமானால், இன அடிப்படையிலான உடல்நல வேறுபாடு மறைந்துவிடுமா?

அமெரிக்கக் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். வேறுபாடு பெருமளவு குறையும், ஆனால் மறையாது என்பதே என் பதில்.

டெட்ராய்ட் வட்டாரத்தில் 1995-இல் வயதுவந்தோரிடம் எடுத்த ஆய்வின் முடிவுகளைச் சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்டார்கள். கல்வியையும், அதைவிட முக்கியமாக வருமானத்தையும் கணக்கில் சேர்த்ததும் வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. எஞ்சியதில் ஒரு பகுதியை விளக்கப் பாகுபாடும் மன அழுத்தமும் தேவைப்பட்டன. வேலை மறுக்கப்பட்டதா என்பது போன்ற பெரிய நிகழ்வுகளோடு நிற்காமல், கடையிலும் உணவகத்திலும் உங்களை மற்றவர்களைவிட மோசமாகக் கவனிக்கிறார்களா, உங்களைக் கண்டு அஞ்சுவதுபோல் நடந்துகொள்கிறார்களா, நீங்கள் நேர்மையற்றவர் என்று நினைப்பதுபோல் நடத்துகிறார்களா, அவை எவ்வளவு அடிக்கடி நடக்கின்றன என்றெல்லாம் அதில் கேட்டார்கள். இவற்றை அற்பம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இத்தகைய அவமதிப்பை எதிர்பார்த்தே ஒருவர் வெளியே செல்லும்போது, ஆபத்து வேளைக்கென அமைந்த கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பும் ரத்த அழுத்த உயர்வும் வாடிக்கையாகிவிடுகின்றன. பல ஆண்டுகள் நீடிக்கும் இந்தத் தேய்மானத்தால் கறுப்பினத்தவரின் உடல் முன்கூட்டியே மூப்படைகிறது என்ற கருதுகோளைப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992-இல் முன்வைத்தார்.

'வருமானம் சமம்' என்பதையும் நான் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்க்கிறேன். சம்பளம் ஒன்றாக இருந்தாலும் சொத்து ஒன்றாக இருப்பதில்லை. 2022-ஆம் ஆண்டின் அமெரிக்க மத்திய வங்கிக் கணக்கெடுப்பில், நடுநிலை (சொத்து வரிசையில் சரியாக நடுவில் வரும்) வெள்ளையர் குடும்பத்தின் சொத்து நடுநிலைக் கறுப்பினக் குடும்பத்தினுடையதைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு. 1930-களில் அரசு நிறுவனமே வரைபடத்தில் கறுப்பினக் குடியிருப்புகளைச் சிவப்பால் குறித்துக் கடனுக்குத் தகாதவை என்று ஒதுக்கியதற்கும் இதில் பங்குண்டு. ஆகவே பொருளாதார நிலையைப் பாகுபாட்டுக்குப் போட்டியான காரணமாக நிறுத்துவதைவிட, பாகுபாடு உடலை எட்டும் வழிகளுள் ஒன்றாகக் கொள்வதே பொருந்தும்.

பணத்தால் அடைக்க முடியாத வழிகளும் இருக்கின்றன. 2007 முதல் 2016 வரையிலான தரவுகளில், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளைப் பெண்களின் விகிதத்தைவிட அதிகம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் போவது, வெள்ளை நோயாளிகளோடு ஒப்பிட்டால் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது.