வேற்றுக்கோள் விமானி ஒருவனை உண்மையிலேயே ஆபத்தானவனாகப் படைப்பது எப்படி?

எதிரிகளின் தலைசிறந்த விமானியான வேற்றுக்கோள்வாசி நூறு விண்கலங்களை வீழ்த்தியவன் என்று எழுதியும், உங்கள் கதையைப் படித்தவர்கள் அவனுக்கு அஞ்சவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை அச்சம் தராது. நம் விமானியான நாயகியால் அவனை ஏன் வெல்ல முடியவில்லை என்பதற்கு அவன் உடலிலும் இயற்பியலிலும் காரணம் இருந்தால்தான் அச்சம் பிறக்கும் என்பது என் உறுதியான கருத்து.

உடலிலிருந்து தொடங்குங்கள். சிறப்பு உடையும் கடும் பயிற்சியும் இருந்தும், போர் விமானிகள் புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு விசையைச் சிறிது நேரமே தாங்குகிறார்கள். அதற்குமேல் மூளைக்கு இரத்தம் ஏறாமல் நினைவு தப்பிவிடும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன்களோடு வந்து சேரும் பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) பார்க்கும்போது, இதைவிடப் பொருத்தமான விமானி வேறு எது என்றே எனக்குத் தோன்றும். அதன் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் ஒவ்வொரு கையும் தானே பலவற்றைச் செய்யும். அப்படிப்பட்ட உயிர், நீர் நிரம்பிய கலத்தில் மிதந்தபடி, கைக்கு ஓர் உந்துபொறியாக எட்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால், பத்து மடங்கு முடுக்கத்திலும் நிதானம் இழக்காது.

இனித் தொலைவு. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அவ்வளவு தொலைவில் இருப்பவனை நாம் ஒரு நொடி பிந்தித்தான் பார்க்கிறோம். நாம் செலுத்தும் லேசர் அவனை அடைய மேலும் ஒரு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில் பத்து மடங்கு முடுக்கம் உள்ளவன் ஏறத்தாழ 200 மீட்டர் விலகியிருப்பான், அதுவும் எந்தப் பக்கம் என்று தெரியாமல். நெடுநேரம் தாங்க வேண்டி மூன்று மடங்கோடு நின்றுவிடும் மனிதரின் கலமோ 60 மீட்டர்கூட விலகாது. அதன் நீளமே அதைவிட மிகுதியென்றால், இருந்த இடத்தைக் குறிவைத்தாலே போதும். அவனுடைய திறமை மாயமாகத் தெரியாமல் கணக்காகத் தெரியும் இடம் இதுதான். விமானத்தைப்போல் சாய்ந்து வளைவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். சாய்வதற்கு அங்கே காற்றில்லை.

ஆனால் ஒவ்வொரு விலகலும் எரிபொருளைத் தின்னும். ஆகவே எங்கே, எப்போது மோதுவது என்பதை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். புதுச்சேரியில் ஒரு வீதிக்கே பெயராக நிற்கும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன், 1783 ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் 15 போர்க்கப்பல்களோடு ஆங்கிலேயரின் 18 கப்பல்களை எதிர்த்தார். இரு தரப்பும் சில நாள்கள் சாதகமான காற்றுக்காக இடம் மாறிக்கொண்டே இருந்தன. எண்ணிக்கையில் குறைந்திருந்தும் தாக்குவதற்கான நேரத்தைத் தேர்ந்தவர் அவர்தான், பின்வாங்கிச் சென்னைக்குத் திரும்பியது ஆங்கிலேயக் கப்பற்படை. உங்கள் விமானிக்குக் காற்றின் இடத்தில் எரிபொருளை வையுங்கள். அவனை வீணாக விலக வைப்பது ஒன்றே நாயகிக்கு வழியாக இருக்கட்டும்.

அந்தப் போரில் இன்னொன்றும் உண்டு. இரு நாடுகளும் முதற்கட்ட அமைதி உடன்பாட்டில் அந்த ஆண்டு ஜனவரி 20 அன்றே கையெழுத்திட்டிருந்தன; செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது போர் முடிந்த பிறகு. நான்கு ஒளியாண்டுகளுக்கு அப்பால் போரிடும் உங்கள் விமானிக்கும் அமைதிச் செய்தி வர நான்கு ஆண்டுகள் ஆகும். கொடியவனாக இல்லாமல், காலாவதியான கட்டளையை நேர்மையாக நிறைவேற்றுபவனாக அவன் இருந்தால், அவன் வீழ்த்தும் ஒவ்வொரு கலமும் வாசகர் நெஞ்சில் கனக்கும். அந்தச் செய்தி வரும்வரை அவனுடைய எரிபொருள் தீராதபடி முன் அத்தியாயங்களிலேயே கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.